ஜிம்முக்குப் புதுசு, கார்டியோ எப்படித் தொடங்குறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் கார்டியோ பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றில் தங்கி நிற்பதால் முதல் ஐந்தையாவது வரிசையாக வாசியுங்கள்.

அண்ணா, கார்டியோ எண்டால் ஓடுறது மட்டும்தானோ?

இல்லை. கால், இடுப்பு போன்ற பெரிய தசைகளை ஒரே தாளத்தில் தொடர்ந்து இயக்கி, இதயத்தையும் நுரையீரலையும் பல நிமிடங்களுக்கு வேலை வாங்கும் எதுவும் கார்டியோதான். வேக நடை, சைக்கிள், நீச்சல், ரோயிங் எல்லாம் இதில் அடங்கும். பாரம் தூக்கும்போதும் நெஞ்சு படபடக்கும். ஆனால் அது அரை நிமிட வேலை, அதன்பின் ஓய்வு வந்துவிடும்.

புதிதாக வருகிறவர் முதல் மாதம் ஓடவே தேவையில்லை. நடையே போதும்.

டொக்டரிட்டக் காட்டாமல் தொடங்கலாமோ?

வேறு வருத்தம் எதுவும் இல்லாதவர் மெதுவான நடையோடு தொடங்கத் தடையில்லை. இதய வருத்தம், பிரஷர், சலரோகம், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், நடக்கும்போது நெஞ்சு இறுகுவது அல்லது காரணமில்லாமல் மயங்குவது போன்ற அனுபவம் உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். வீட்டில் யாருக்காவது இளவயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எவ்வளவு காலம் பழகியவராக இருந்தாலும் உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர் வியர்வை, கண் இருட்டுதல், தாறுமாறான நெஞ்சுத் துடிப்பு. "வாய்வாக இருக்கும்" என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இருந்து ஆறியும் குறையாவிட்டால், அல்லது நெஞ்சு நோவோடு வியர்த்தால், 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவது ஆபத்து.

முதல் நாள் எந்த மெஷினில ஏறுறது?

ட்ரெட்மில் அல்லது நிலையான சைக்கிள். நடக்கத் தெரிந்த எல்லோருக்கும் ட்ரெட்மில் வரும். உடம்பு பாரம் கூடியவர்களுக்கும் முழங்கால் நோ உள்ளவர்களுக்கும் சைக்கிள் சுகம். நின்றபடி காலையும் கையையும் சேர்த்து அசைக்கும் எலிப்டிகல் மெஷினும் நல்லதுதான், ஆனால் அதன் அசைவு பிடிபட நாலைந்து தடவை வேண்டும். ரோயிங் மெஷினை முறை தெரியாமல் இழுத்தால் நாரி பிடித்துவிடும், அதைப் பிறகு பார்க்கலாம்.

ட்ரெட்மில்லில் ஏறும்போது பெல்ட்டில் கால் வைக்காதீர்கள். இரு பக்கமும் உள்ள ஓரத்தட்டில் நின்று, சிவப்புக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டி, மெஷினைத் தொடக்குங்கள். பெல்ட் மெல்ல ஓடத் தொடங்கியதும் கைபிடியைப் பிடித்தபடி காலை வையுங்கள். பலர் அந்தக் கயிற்றை அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். தடுக்கி விழுந்தால் பெல்ட்டை நிறுத்துவது அதுதான். இறங்கும்போதும் பெல்ட் முழுதாக நின்ற பிறகே இறங்க வேண்டும்.

எந்த வேகத்தில வைக்கிறது? பக்கத்தில நிக்கிற ஆள் 9 இல ஓடுறார்.

அவர் எத்தனை வருடமாக ஓடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. திரையில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு உங்கள் மூச்சைப் பாருங்கள். முழு வசனமாகக் கதைக்க முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் சரியான வேகம். ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு முன் மூச்சு எடுக்கிறீர்கள் என்றால் நல்லது. "ஓரேழு" என்றதும் மூச்சு வாங்கி, பிறகு "ஏழு" என்றால் வேகம் கூடிவிட்டது. வாய்ப்பாடு முழுவதும் சுகமாக வந்தால் கொஞ்சம் கூட்டலாம்.

இலக்கத்தில் சொல்லத்தான் வேண்டும் என்றால், பெரும்பாலான புதியவர்களுக்கு இந்த வேகம் மணிக்கு 4.5 தொடக்கம் 5.5 கிலோமீற்றருக்குள் அமையும். 3.5 இல் அமைந்தாலும் அதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு தடவையில் 0.2 அல்லது 0.3 மட்டும் கூட்டி, இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடி கதைத்துப் பாருங்கள். மூச்சு புதிய வேகத்தோடு சமப்பட அவ்வளவு நேரம் எடுக்கும்.

கிழமைக்கு எத்தனை நாள், எத்தனை நிமிசம்?

உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம் மிதமான கார்டியோ தேவை. அது போய்ச் சேரவேண்டிய இடம். முதல் கிழமையே 150 ஐப் பிடிக்கப் போனவர்களில் பலரை மூன்றாம் கிழமை காண முடிவதில்லை.

முதல் இரண்டு கிழமையும் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று நாள் வாருங்கள். 5 நிமிடம் மெல்லிய நடை, 15 நிமிடம் மேலே சொன்ன கதைக்கும் வேகம், 5 நிமிடம் மறுபடி மெல்லிய நடை (உடம்பை ஆறவைக்கும் இதுதான் "ஆறும் நடை"). மூன்றாம், நாலாம் கிழமைகளில் நடுப்பகுதியை 20 நிமிடமாக்குங்கள், ஐந்தாம், ஆறாம் கிழமைகளில் 25. ஏழாம் கிழமை தொடக்கம் 30 நிமிடம், எட்டாம் கிழமை தொடக்கம் நாலு நாள். அது பழகியபின் ஐந்தாம் நாளையும் சேர்த்தால் 150 வந்துவிடும். ஒரு படி கடினமாக இருந்தால் இன்னொரு கிழமை அதிலேயே நில்லுங்கள். ஒரு கிழமையில் நேரம், நாள், வேகம் மூன்றில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்.

மூண்டாம் கிழமை. மூச்சே வாங்குதில்ல, நல்ல சுகமாக் கிடக்கு. இப்ப ஓடட்டோ?

கவனமாக இருக்க வேண்டிய கட்டம் இதுதான். பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று கிழமையில் இதயமும் இரத்த ஓட்டமும் முன்னேறிவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், ஒரு துடிப்புக்கு வெளியேறும் இரத்தத்தின் அளவும் கூடும். அதனால் அதே வேகம் இலகுவாகத் தெரியும். ஆனால் தசைநாண்களும் எலும்பும் அந்த வேகத்தில் பலப்படுவதில்லை. தேய்ந்த எலும்பை உடம்பு கரைத்து அந்த இடத்தில் புதிதாகக் கட்டி முடிக்க மூன்று நாலு மாதம் ஆகும். மூச்சு "இன்னும் போ" என்கிறது, முன்கால் எலும்பு அதற்குத் தயாராக இல்லை. முன்கால் நோவும் குதிக்கால் நோவும் பெரும்பாலும் மூன்றாவது தொடக்கம் எட்டாவது கிழமைக்குள் வருவதற்குக் காரணம் இதுவே.

நடையில் ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓட்டத்தில் இரண்டும் தரையை விட்டு எழும்பி, உடம்புப் பாரத்தின் இரண்டு மூன்று மடங்கு விசையோடு ஒற்றைக்காலில் இறங்குகிறீர்கள். ஆகவே மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் 30 நிமிடம் கதைத்தபடி நடக்க முடிந்த பிறகு ஓட்டத்தைச் சேருங்கள். ஒரு நிமிடம் 7 அல்லது 7.5 இல் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு சுற்று, கிழமைக்கு இரண்டு நாள், அடுத்தடுத்த நாட்களில் அல்ல. இரண்டு கிழமை நோவில்லாமல் போனால் ஓட்டத்தை ஒன்றரை நிமிடமாக்குங்கள்.

அதற்கு முன் கடினம் வேண்டுமென்றால் ட்ரெட்மில்லின் சாய்வை 2 அல்லது 3 வீதமாக்கி, வேகத்தைக் கூட்டாமல் நடக்கலாம். மூச்சுக்கு வேலை கூடும், எலும்பில் அடி கூடாது. பின்கால் நரம்பு இறுக்கமாக உள்ளவர்கள் சாய்வை இதற்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது.

முன்கால் எலும்பு பக்கமா நோகுது. நடந்து நடந்து சரிக்கட்டலாமோ?

கால் எலும்பின் உட்பக்கம் நீளமாக, விரலால் தடவும் இடமெல்லாம் நொந்தால் அது பெரும்பாலும் அளவுக்கு மீறியதால் வந்த உளைச்சல். ஓட்டத்தையும் சாய்வையும் நிறுத்திவிட்டு ஒரு கிழமை, பத்து நாளைக்குச் சைக்கிளுக்கு மாறுங்கள். கார்டியோவை விடவேண்டியதில்லை, அடியைத்தான் விடவேண்டும். நோ போனபின் பழைய நேரத்தின் பாதியில் தொடங்குங்கள்.

ஒரே ஒரு புள்ளியில் அழுத்தினால் துள்ளுகிற நோ, ஒற்றைக்காலில் குதித்தால் வருகிற நோ, இரவில் படுத்திருக்கும்போதும் போகாத நோ என்றால் எலும்பில் நுண்வெடிப்பு இருக்கலாம். எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பாட்டா போட்டுக்கொண்டு நடந்தால் என்ன?

பாட்டாவின் பின்பக்கம் பெல்ட்டில் சிக்கும், காலை விட்டும் கழரும். சப்பாத்துத்தான் வேண்டும். விலையை விட அளவு முக்கியம். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கவேண்டும், குதி வழுகக்கூடாது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் பின்னேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சேலை, அபாயா, நீண்ட சால்வை அணிபவர்கள் ட்ரெட்மில்லில் விளிம்பு பெல்ட்டைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது எலிப்டிகலில் ஏறுங்கள்.

கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு நடக்கலாமோ?

ஏறும்போதும் இறங்கும்போதும் வேகத்தை மாற்றும்போதும் பிடியுங்கள். மற்ற நேரம் கையை விடுங்கள். கைபிடியில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நடந்தால் கால் செய்யவேண்டிய வேலையைக் கை எடுத்துக்கொள்ளும். திரை காட்டும் கலோரிக்கும் நீங்கள் செய்த வேலைக்கும் தொடர்பே இருக்காது. கையை விட்டால் விழுந்துவிடுவேன் என்று தோன்றினால் வேகம் உங்களுக்குக் கூடுதல் என்று அர்த்தம். வயதானவர்களும் தள்ளாட்டம் உள்ளவர்களும் விரல் நுனியால் தொட்டுக்கொண்டு நடக்கலாம்.

நடந்துகொண்டு இருக்கேக்க கரண்ட் போனால்?

பெல்ட் சடுதியாக வேகம் குறையும், உடம்பு முன்னுக்குப் போகும். இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்து ஓரத்தட்டுகளில் காலை வைத்து இறங்கிவிடுங்கள். கரண்ட் வரும்வரை பெல்ட்டின் மேல் நின்று போன் பார்ப்பது நல்ல பழக்கம் அல்ல. மீதி நிமிடங்களை அங்கேயே தரையில் நடந்து முடிக்கலாம், குறைந்தது ஆறும் நடையையாவது செய்யுங்கள்.

மணிக்கூடு 150 எண்டு காட்டுது. ஆபத்தோ?

வயதைத் தெரியாமல் சொல்ல முடியாது. உச்ச நாடித்துடிப்பை மதிப்பிட 220 இல் இருந்து வயதைக் கழிப்பது வழக்கம். வயதை 0.7 ஆல் பெருக்கி 208 இல் இருந்து கழிக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. 40 வயதுக்காரருக்கு இரண்டும் 180 என்றே வரும். 60 வயதில் முதலாவது 160 என்னும், இரண்டாவது 166 என்னும். மிதமான கார்டியோ என்பது உச்சத்தின் 64 தொடக்கம் 76 வீதம், அதாவது 40 வயதில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 115 தொடக்கம் 137. 150 ஆபத்து இல்லை, ஆனால் புதியவருக்குக் கூடுதல்.

இந்தக் கணக்குகள் சராசரி மட்டுமே. ஒருவருடைய உண்மையான உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சாதாரணம். மணிக்கட்டுக் கடிகாரம் தளர்வாக இருந்தாலும், வியர்வை புகுந்தாலும் பிழையாகக் காட்டும். எலும்பு மொழிக்கு ஒரு விரல் மேலே இறுக்கமாகக் கட்டுங்கள். இலக்கமும் வாய்ப்பாட்டுச் சோதனையும் முரண்பட்டால் எங்கள் பக்கம் வாய்ப்பாடுதான். அடெனோலோல், பிசோப்ரோலோல் போன்ற பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு நாடி ஏறாது. அவர்கள் இலக்கத்தைத் துரத்தினால் அளவுக்கு மீறிவிடுவார்கள், மூச்சை மட்டும் பார்ப்பதே பாதுகாப்பு.

சைக்கிள் மெஷினில முழங்கால் நோகுது. அது முழங்காலுக்கு நல்லது எண்டுதானே சொன்னனீங்கள்?

சீற் உயரம் பிழைத்திருக்கும். சீற்றில் இருந்து குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். முழங்காலின் முன்பக்கம் நொந்தால் சீற் பதிவு, பின்பக்கம் நொந்தாலும் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினாலும் சீற் உயரம். பாரத்தைக் குறைத்து நிமிடத்துக்கு 60 தொடக்கம் 80 சுற்று மிதியுங்கள். பாரத்தைக் கூட்டி ஆறுதலாக அழுத்துவதுதான் முழங்காலைக் கெடுக்கும்.

கச்சான் காலத்தில ஏசி இல்லாத ஜிம்மில செய்யலாமோ? அதே வேகத்தில போன மாசத்தை விட மூச்சு வாங்குது.

உங்கள் பலம் குறையவில்லை. மலைநாட்டைத் தாண்டி இறங்கும் கச்சான் எனும் தென்மேல் காற்று மே தொடக்கம் ஆகஸ்ட் வரை இங்கே வறண்டு, சூடாக வீசும். உடம்பைக் குளிர்விக்க இரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போவதால் அதே வேலைக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். வேகத்தை 0.5 குறையுங்கள், அல்லது சாய்வை எடுத்துவிடுங்கள். காலை ஏழு மணிக்கு முன், அல்லது பொழுது சாய்ந்த பின் வாருங்கள். மின்விசிறிக் காற்று படும் மெஷினைப் பிடியுங்கள், அதற்குப் போட்டி இருக்கும்.

கச்சானில் வியர்வை உடனே காய்ந்துவிடும். அதனால் எவ்வளவு நீர் போனது என்று தெரிவதில்லை. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ அரை லீற்றர் நீர் போயிருக்கிறது. பயிற்சிக்கு இடையில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கப் போல, 150 தொடக்கம் 200 மில்லிலீற்றர் குடியுங்கள். அரை மணித்தியாலப் பயிற்சிக்குத் தண்ணீர் போதும், ஜீவனியோ விளையாட்டுப் பானமோ தேவையில்லை. தலையிடி, சத்தி வருமாப்போல் இருத்தல், தோல் சில்லிட்டு மயிர்க்கூச்செறிதல் என்றால் நிறுத்தி நிழலில் இருந்து உடம்பை நனையுங்கள். கதை தடுமாறினால் அது வெப்பப் பாதிப்பு, 1990 ஐ அழைக்க வேண்டிய நிலை. நிறை குறைய வேண்டும் என்று பொலித்தீன் சட்டையோடு நடப்பது நீரை மட்டும் குறைக்கும், அதுவும் அடுத்த செம்பு தண்ணீரில் திரும்பி வரும்.

மெஷினால இறங்கினதும் தலை சுத்துது.

ஆறும் நடையைச் செய்யாமல் இறங்கியிருப்பீர்கள். நடக்கும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. திடீரென்று நின்றால் அந்தத் தள்ளல் நிற்கும், இரத்தம் விரிந்திருக்கும் கால் நாளங்களில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும். கடைசி 5 நிமிடம் வேகத்தை 4, 3, 2 என்று இறக்குங்கள். அப்படிச் செய்தும் சுற்றினால் சாப்பாட்டையும் தண்ணீரையும் பாருங்கள். பிரஷர் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வெறும் வயித்தில செய்தால் கொழுப்பு கெதியாக் கரையும் எண்டுறாங்கள்?

அந்த நேரத்தில் கொழுப்பு கொஞ்சம் கூட எரியலாம், ஆனால் நாள் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லாத மாதிரித்தான். காலையில் தேத்தண்ணியோடு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து வாருங்கள். புட்டும் குழம்புமாகச் சாப்பிட்டால் இரண்டு மணித்தியாலம் பொறுங்கள், இல்லாவிட்டால் விலாவில் பிடிக்கும். பிடித்தால் வேகத்தைக் குறைத்து ஆழமாக மூச்சை விடுங்கள், போய்விடும்.

நோன்பு காலத்தில, விரத நாளில என்ன செய்யிறது?

நோன்பு திறக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது 20 நிமிட மெல்லிய நடை, அல்லது நோன்பு திறந்து இரண்டு மணித்தியாலம் கழித்து வழக்கமான பயிற்சி. இரண்டாவதே மேல், ஏனென்றால் தண்ணீர் குடிக்கலாம். பகல் வெயிலில் வேண்டாம். சஷ்டி போன்ற ஆறு நாள் விரதத்தில் நேரத்தைப் பாதியாக்குங்கள். அந்தக் கிழமை முன்னேற வேண்டியதில்லை, விடாமல் இருந்தால் சரி.

எனக்குச் சலரோகம், குளிசை எடுக்கிறன். நடக்கலாம்தானே?

நடக்க வேண்டும். ஆனால் இன்சுலினோ, கிளிக்லசைட், கிளிபென்கிளாமைட் போன்ற குளிசையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போதும் அதன்பின் பல மணித்தியாலம் வரையும் சீனி இறங்கலாம். பயிற்சிக்கு முன் இரத்தச் சீனியைப் பாருங்கள். 90 mg/dL க்குக் கீழ் என்றால் முதலில் 15 தொடக்கம் 30 கிராம் மாச்சத்து எடுங்கள், ஒரு வாழைப்பழமும் இரண்டு பிஸ்கட்டும் போதும். 250 ஐத் தாண்டி உடம்பும் சரியில்லை என்றால் அன்று விடுங்கள். மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இறங்கும் ஆபத்து மிகக் குறைவு. நடுக்கம், குளிர் வியர்வை, திடீர்ப் பசி வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். விரத நாளில் குளிசை நேரத்தை நீங்களாக மாற்ற வேண்டாம். காலில் உணர்வு குறைந்தவர்கள் சப்பாத்துக்குள் கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துப் போடுங்கள், திரும்பி வந்து பாதத்தையும் பாருங்கள்.

மெஷின் 300 கலோரி எண்டுது. ஒரு மாசமா வண்டி குறையேல்லையே?

மெஷினுக்கு உங்கள் நிறை தெரியாவிட்டால் அந்த இலக்கம் ஊகம். 70 கிலோ உள்ளவர் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணித்தியாலம் நடந்தால் ஏறத்தாழ 120 கலோரி செலவாகும். இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி மூன்று குடித்தால், சீனியில் மட்டும் அது திரும்பி வந்துவிடும். வண்டியை இறக்குவது பெரும்பாலும் சாப்பாட்டுக் கோப்பைதான். கார்டியோ அதற்குத் துணை. இந்த மாதம் பார்க்க வேண்டியது வேறு: அதே வேகத்தில் நாடி எவ்வளவு குறைந்தது, மாடிப்படியில் மூச்சு எவ்வளவு வாங்குகிறது.

பாரம் முதலோ, கார்டியோ முதலோ?

5 நிமிட நடை, பிறகு பாரம், கடைசியில் கார்டியோ. களைத்த காலோடு ஸ்குவாட் செய்தால் முறை குலையும். மூச்சுப் பலத்தைக் கூட்டுவதுதான் முதல் நோக்கம் என்றால் வரிசையை மாற்றிச் செய்யலாம், அல்லது வெவ்வேறு நாளில் வைக்கலாம்.

ஜிம்முக்குக் காசு கட்டாமல் டச்சுக் குடா கடற்கரையில நடந்தால் காணாதோ?

தாராளமாகக் காணும். கதைக்கும் சோதனைக்கு மெஷின் தேவையில்லை. உலர்ந்த மணலில் கால் புதைவதால் அதே வேகத்துக்கு மூச்சு மிகவும் கூடும், கணுக்காலும் பின்காலும் பழகாவிட்டால் பிடிக்கும். அலை நனைத்த இறுகிய மணலில் சப்பாத்தோடு நடங்கள். கரை சாய்வாக இருப்பதால் போன வழியே திரும்பினால்தான் இரண்டு காலுக்கும் சமம். உட்துறைமுக வீதி தட்டையானது, புதியவருக்கு நல்லது.

பிரட்றிக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியை ஆறாம் கிழமைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் கதைக்க முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது இறக்கத்தில் ஓடாதீர்கள், முழங்காலுக்கு அடி அங்கேதான். மான்கள் சடுதியாகக் குறுக்கே வரும் என்பதும் ஒரு காரணம். மாரி மழை தொடங்கினால் வீதி நடை நின்றுபோகும், ஜிம் உதவுவது அப்போதுதான்.

டெங்குக் காய்ச்சல் வந்து சுகமாச்சு. எப்ப திரும்ப வரலாம்?

குருதிச் சிறுதட்டு எண்ணிக்கை சரியாகி வைத்தியர் சம்மதித்த பிறகு. காய்ச்சல் விட்டாலும் களைப்பு சில கிழமை இருக்கும். எந்த வைரசுக் காய்ச்சலும் இதயத் தசையைத் தொட்டிருக்கலாம் என்பதால் காய்ச்சலோடும் அது விட்ட முதல் நாட்களிலும் கார்டியோ வேண்டாம். திரும்பும்போது முதலாம் கிழமை அட்டவணையில் இருந்து தொடங்குங்கள். சாதாரணத் தடிமன், மூக்கோடு மட்டும் என்றால் மெல்ல நடக்கலாம்.

கோயில் திருவிழா, பிறகு கலியாணவீடு எண்டு மூண்டு கிழமை விட்டிட்டன். எல்லாம் போச்சோ?

எல்லாம் போகாது. இரண்டு கிழமையிலேயே மூச்சுப் பலம் அளக்கக்கூடிய அளவுக்குக் குறையும், ஆனால் ஏறியதை விடக் கெதியாகத் திரும்பி வரும். விட்ட இடத்தில் இருந்து இரண்டு படி கீழே இறங்குங்கள்: 25 நிமிடத்தில் விட்டவர் 15 இல் தொடங்கி, ஒரு கிழமைக்கு ஒரு படி ஏறலாம். விட்ட நாட்களுக்கு ஈடாக ஒரே நாளில் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருந்தவர்கள் முதல் கிழமை நடை மட்டும், பிறகு ஒரு நிமிட ஓட்டச் சுற்று.